ரெப்ளிகா: அசல் இல்லாத நகல்

லத்தீனில் ‘ப்ளிகாரே’ என்றால் மடித்தல். முன்னால் ‘ரெ’ சேர்ந்தால் திரும்ப மடித்தல். அந்த வேரிலிருந்து இத்தாலிய மொழி வழியே ஆங்கிலத்துக்கு வந்தது ‘ரெப்ளிகா’. ஓவியர் தம் படைப்பைத் தாமே மறுபடி தீட்டினால், அந்தப் படிக்குக் கலையுலகில் இதுவே பெயர். தமிழின் ‘இருமடங்கு’ என்ற சொல்லிலும் மடிப்பு இருப்பது அழகான ஒற்றுமை.

பல கணினிகளில் பரவி இயங்கும் அப்பாச்சி சோலர் தேடுபொறியில் இச்சொல்லின் பொருள் சற்றே நகர்கிறது. தரவு ‘ஷார்டு’ எனும் துண்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு ஷார்டுக்கும் பல ரெப்ளிகாக்கள். இங்கே அசல் என்று தனியாக ஒன்றில்லை. தலைமை ஏற்பதும் ஒரு ரெப்ளிகாதான். அது விழுந்தால் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும். எலாஸ்டிக்சர்ச் அப்படியல்ல: முதன்மை ஷார்டு வேறு, ரெப்ளிகா வேறு. ஆகவே சோலரைப் பற்றி எழுதும்போது, அசலை நினைவூட்டும் ‘நகல்’ பொருந்தாது. ‘படி’ பொருந்தும்.

பெயரிடுவதில்தான் தடுமாற்றம் அதிகம். ‘நூலகம்_ஷார்ட்1_ரெப்ளிகா_என்1’ என்பது கோரின், அதாவது ஒரு ரெப்ளிகாவின் தரவைக் கணினியில் தாங்கும் அட்டவணையின், பெயர். கடைசி எழுத்து வகையைச் சொல்லும்: ‘என்’ உடனுக்குடன் தானே அட்டவணையிடுவது, ‘டி’ மாற்றங்களின் பதிவேட்டைக் காப்பது, ‘பி’ தலைமையிடமிருந்து இழுத்துக்கொள்வது. ‘பி’ வகை தலைமைக்கு வராது.

ஆனால் ரெப்ளிகாவின் பெயர் ‘கோர்_நோட்3’ போன்றது. இரண்டிலும் எண் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஒன்றை நீக்கும் கட்டளை இந்த இரண்டாவது பெயரையே கேட்கும்.