சூயஸ் கரையின் ஏவுகணை மதில்
(எகிப்தின் வான்காப்பு வரலாறு, 1967 – 1973)

மதிலும் அகழியும் நாட்டின் காப்பெனக் கருதப்பட்ட காலம் வானூர்தியின் வருகையோடு முடிவுற்றது. மதிலை ஏறிக் கடக்க வேண்டியிருந்த பகைவன் அதன் மேலாகவே பறந்து செல்ல வல்லவனாயினான். அவனை நிலத்திலிருந்தே வீழ்த்தும் ஏவுகணை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த புதிய அரணாகும். அரணின் மாட்சி அதனைக் காப்போரின் செயற்றிறனில் தங்கியுள்ளது என்னும் கருத்தை வள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்தின் முடிவில் வைத்தார். அக்கருத்து கல்மதிலுக்கு மட்டுமன்றிக் கணைமதிலுக்கும் பொருந்துமா என்னும் வினாவிற்கு, 1967 முதல் 1973 வரையான எகிப்தின் வரலாறு தெளிவான விடை தருகின்றது.

புதிய அரணின் இயல்பு

1960ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் நாள், ஏறக்குறைய 20 கிலோமீற்றர் உயரத்திற் பறந்து சென்ற அமெரிக்க யூ-2 வேவு வானூர்தி, சோவியத்து நாட்டின் சுவெர்ட்லொவ்ஸ்க் நகரருகே எஸ்-75 என்னும் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. எந்த உயரமும் இனிப் பாதுகாப்பானதன்று என்பதை உலகம் அன்று உணர்ந்தது. ஆயின், அதே நாளில் சோவியத்துப் படையினர் தம் மிக்-19 வானூர்தியொன்றையும் தவறுதலாகச் சுட்டு வீழ்த்தினர் என்பதும் கருதற்பாலது. நண்பனையும் பகைவனையும் பிரித்தறியும் ஒழுங்கு இல்லாவிடின், இவ்வாயுதம் தன்னை உடையவனையே வருத்தும்.

ஏவுகணை தனித்து நின்று போரிடுவதில்லை. தொலைவில் வருவதை முற்படக் காணும் ராடர், குறியைத் தொடர்ந்து பற்றிக் கணையை வழிநடத்தும் வேறொரு ராடர், கட்டளை செல்லும் தொடர்புவழி, எரிபொருளும் கணைகளும் கொண்டுவரும் வண்டிகள், இவற்றையெல்லாம் இயக்கப் பயின்ற ஆடவர் ஆகிய அனைத்தும் ஒன்றுகூடிய பின்னரே கணை பயன்தரும். இவற்றுள் ஒன்று அறுந்தாலும் ஏனையவை பாழாம்.

1967ஆம் ஆண்டின் தோல்வி

1967 யூன் 5ஆம் நாட் காலையில், இசுரேலிய வானூர்திகள் மத்தியதரைக் கடலின் மேல் மிகத் தாழ்வாகப் பறந்து வந்து எகிப்தின் வானூர்தித் தளங்களைத் தாக்கின. ஒரு நாளிலேயே ஏறக்குறைய 300 எகிப்திய வானூர்திகள் அழிந்தன. அவற்றுட் பெரும்பாலானவை தரையில் நின்றவாறே எரிந்தன. அன்று எகிப்திடம் எஸ்-75 ஏவுகணைகள் இல்லாமல் இல்லை. ஆயின் அவை உயரப் பறக்கும் குண்டுவீச்சு வானூர்திகளை நோக்கி ஆக்கப்பட்டவை. தாழப் பறந்து வந்தோரைத் தடுக்க அவற்றால் இயலவில்லை. மேலும், படைத்தலைவர் ஆமர் அவ்வேளையில் சீனாய் நோக்கி வானிற் பயணஞ் செய்துகொண்டிருந்தமையால், அவரது வானூர்திக்கு ஊறு நேராதிருக்கும் பொருட்டு வான்காப்புப் படையினர் சுடாதிருக்குமாறு பணிக்கப்பட்டிருந்தனர். ஆயுதம் இருந்தும் அதனை ஆளும் ஒழுங்கு இல்லாத நிலையை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறொன்றில்லை.

தனிப்படையின் தோற்றம்

தோல்வியிலிருந்து எகிப்து கற்ற முதற்பாடம் ஆயுதக் கொள்வனவைப் பற்றியதன்று, ஆட்சியொழுங்கைப் பற்றியதாகும். அதுவரை வானூர்தி எதிர்ப்புப் பீரங்கிகள் பீரங்கிப் படையின் கீழும், முன்னெச்சரிக்கை ராடர்களும் தடுப்பு வானூர்திகளும் வான்படையின் கீழுமாகப் பிரிந்து கிடந்தன. 1968 பெப்ரவரியில் வான்காப்பு, தரைப்படை கடற்படை வான்படை ஆகியவற்றுக்கு நிகரான நான்காவது தனிப்படையாக ஆக்கப்பட்டது. 1969இல் அதன் தலைமையை ஏற்ற முகம்மது அலி பஹ்மி, பின்னர் நிகழ்ந்த பெரும்போர் வரை அப்பொறுப்பை வகித்தார்.

ஆள்சேர்க்கும் முறையும் மாறியது. பல்கலைக்கழகப் பட்டதாரிகளும் தொழில்நுட்பங் கற்றோரும் பெருந்தொகையாகப் படைக்கு அழைக்கப்பட்டனர். ராடர்த் திரையிற் குறியைப் படித்துணர்வதற்கும், பகைவன் வானலைகளைக் குழப்புகையில் மயங்காது செயற்படுவதற்கும் கல்வி இன்றியமையாதது. கலாசாலை வகுப்பறையிற் பயின்ற கணிதமும் பௌதிகமும் பாலைவனத்துப் பதுங்கு குழியிற் பயன்பட்டன.

வான்வழி வந்த அழிவு

சீர்திருத்தம் பயன்தருமுன்னரே சோதனை வந்துற்றது. 1969 மார்ச்சில் சூயஸ் கால்வாயின் நெடுகிலும் எகிப்து தொடங்கிய தேய்வுப் போரில், யூலை 20 முதல் இசுரேலிய வான்படையும் இறங்கியது. கால்வாயோரம் நின்ற ஏவுகணை அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாளிரவு, செங்கடற் கரையிலுள்ள ராஸ் காரிப் என்னுமிடத்தில் நின்ற பி-12 ராடரை இசுரேலியப் படையினர் கைப்பற்றி, உலங்குவானூர்திகளிற் கட்டித் தூக்கிச் சென்றனர். தொலைவைக் காணும் கண்ணுக்கும் காவல் வேண்டும் என்பது அன்று புலனாயிற்று.

1970 சனவரியில் இத்தாக்குதல் எகிப்தின் உள்நாட்டுக்கும் பரவியது. பெப்ரவரி 12இல் அபு சாபல் உலோகத் தொழிற்சாலையிற் குண்டு வீழ்ந்து 70 அளவிலான தொழிலாளர் இறந்தனர். ஏப்ரில் 8இல் பஹ்ர் எல் பக்கர் என்னும் சிற்றூரின் ஆரம்பப் பாடசாலை தாக்கப்பட்டு 46 சிறுவர் உயிரிழந்தனர். படைத்தளமென்று எண்ணியே தாக்கியதாக இசுரேல் கூறிற்று. வான்காப்பு என்பது படைத்தலைவர்களின் ஏட்டில் அடங்கிவிடும் பொருளன்று என்பதற்கு அப்பாடசாலையே சான்று. காப்பற்ற வானின் கீழ் வாழும் குடிமக்களே அக்குறையின் விலையை முதற்கண் செலுத்துகின்றனர்.

இந்நிலையில், சனவரி மாதத்திலேயே குடியரசுத் தலைவர் நாசர் மறைவாக மொஸ்கோ சென்று, ஏவுகணைகளோடு அவற்றை இயக்கும் படையினரையும் வேண்டினார். தாழப் பறப்பனவற்றையும் வீழ்த்தவல்ல எஸ்-125 ஏவுகணை அணிகளும், ஆயிரக்கணக்கான சோவியத்துப் படையினரும், மிக்-21 வானூர்திகளை ஓட்டும் சோவியத்து விமானிகளும் எகிப்து வந்தடைந்தனர். ஏப்ரிலில் சோவியத்து விமானிகள் வானில் எதிர்ப்பட்டபின் உள்நாட்டின் மீதான தாக்குதல் நின்றது. ஆயின் இவ்வுதவிக்கும் ஒரு விலை இருந்தது. தன் தலைநகரின் வானைப் பிறநாட்டார் கையில் ஒப்படைத்த நாடு, போரும் அமைதியும் பற்றிய தன் முடிவுகளிலும் பிறர் முகத்தை நோக்க வேண்டியதாயிற்று. கருவியை இரவலாகப் பெறுதல் எளிது. அதனோடு வரும் கட்டுப்பாட்டினின்று விடுபடுதல் அரிது.

மதில் எழுந்த முறை

உள்நாடு காக்கப்பட்டதாயினும் கால்வாய்க்கரை வெளியாகவே கிடந்தது. அங்கே ஏவுகணைகளை நிறுத்த இரு வழிகள் ஆராயப்பட்டன. ஒன்று, அரண்கள் இன்றியே ஒரே பாய்ச்சலிற் கரையை அடைந்துவிடுதல். மற்றது, ஒரு வரிசையை நிறுத்தி, அதன் காப்பின் கீழ் அடுத்த வரிசைக்கான இடங்களைக் கட்டி, படிப்படியாக முன்னேறுதல். இரண்டாவது வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. கொங்கிறீற்றினால் ஆன பதுங்கறைகளும் மண்மேடுகளும் பகைவரின் குண்டுமழையிடையே எழுப்பப்பட்டன. அவற்றைக் கட்டிய தொழிலாளர் பெருந்தொகையாக மாண்டனர். மெய்யான அணிகளுக்கிடையே பொய்யான அணிகளும் அமைக்கப்பட்டுப் பகைவரின் குண்டுகள் வீணாக்கப்பட்டன.

1970 யூன் 30இல் முன்னேறிய அணிகள் ஃபான்டம் வானூர்திகளை வீழ்த்தத் தொடங்கின. அந்நாளை எகிப்து இன்றும் வான்காப்புப் படையின் நாளாகக் கொண்டாடி வருகின்றது. ராடரைக் குழப்பும் அமெரிக்கக் கருவிகளைப் பூண்டு யூலை 18இல் வந்த ஃபான்டம் அணியொன்றின் தலைவரே அன்று வீழ்ந்தார். தனித்து நிற்கும் ஓர் அணியை ஏமாற்றவல்ல அக்கருவி, ஒன்றன் எல்லை மற்றொன்றன் எல்லையைத் தழுவி நின்ற பல அணிகளின் முன் பயனற்றதாயிற்று. கணைகளின் தொகையினும் அவை ஒன்றையொன்று காத்து நின்ற அடுக்கே வலிமையைத் தந்தது எனலாம்.

ஓகஸ்ட் 7ஆம் நாள் நள்ளிரவிற் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. கால்வாயின் இருமருங்கும் 50 கிலோமீற்றர் அகலத்தில் இருந்த நிலை மாறாதிருத்தல் வேண்டுமென்பது உடன்பாடு. எகிப்து அதனைப் பொருட்படுத்தாது, அவ்விரவிலும் அதன் பின்னரும் ஏவுகணைகளை முன்னகர்த்தியது. அறநோக்கில் இது குற்றமாயினும், மூன்றாண்டின் பின் நிகழ்ந்தவற்றுக்கு இச்செயலே அடிப்படையாயிற்று.

1973ஆம் ஆண்டுச் சோதனை

1972 யூலையிற் குடியரசுத் தலைவர் சதாத் சோவியத்து ஆலோசகர்களை வெளியேற்றியபோது, எகிப்தின் வான்காப்பு சரிந்துவிடும் என்று பலர் எண்ணினர். அது சரியவில்லை. நான்காண்டு பயின்ற எகிப்தியர் அக்கருவிகளைத் தாமே ஏற்று இயக்கினர். அவற்றோடு, சங்கிலிச் சக்கர வண்டியில் ஏறி இடம்விட்டு இடம் செல்லும் கூப் ஏவுகணைகளும், நான்கு குழல்கள் கொண்ட ஷில்க்கா பீரங்கிகளும், ஒருவர் தோளில் வைத்து ஏவும் ஸ்திரேலா கணைகளும் சேர்ந்தன. உயரப் பறப்பவன் எஸ்-75க்கு இலக்காவான். அதற்கு அஞ்சித் தாழ்பவன் எஸ்-125க்கும் கூப்புக்கும் இலக்காவான். மேலும் தாழ்பவன் ஷில்க்காவின் வாயில் வீழ்வான். இவ்வாறு வானம் அடுக்கடுக்காக அடைக்கப்பட்டது.

1973 ஒக்டோபர் 6ஆம் நாட் பிற்பகலில் எகிப்தியப் படை கால்வாயைக் கடந்தது. பாலங்களைத் தகர்க்க வந்த இசுரேலிய வானூர்திகள் பேரிழப்புற்றன. கூப் ஏவுகணையின் ராடரை மயக்குதற்கேற்ற கருவி அவர்களிடம் அப்போது இருக்கவில்லை. மறுநாள் சிரியாவின் முனையில், பழைய நிழற்படங்களை நம்பி ஏவுகணைகளைத் தேடிச் சென்ற இசுரேலிய விமானிகள், அவை இடம்பெயர்ந்துவிட்டமையைக் கண்டனர்; ஓர் அணியை மட்டும் அழித்து ஆறு ஃபான்டம் வானூர்திகளை இழந்தனர். போர் முடிவதற்குள் இசுரேல் இழந்த வானூர்திகள் ஏறக்குறைய 100. ஆறாண்டுகளின் முன் ஒரு காலைப்பொழுதில் வானை முற்றாக இழந்த நாடு, வலிய வான்படை ஒன்று இல்லாமலே தன் தலைக்கு மேலுள்ள வானை மீட்டுக்கொண்டது.

எல்லை கடந்த நாள்

ஆயினும் இம்மதிலுக்கு ஓர் எல்லை இருந்தது. அதனை நன்கறிந்த தலைமைப் படையதிகாரி சாத் எல் ஷாஸ்லி, கால்வாய்க்குக் கிழக்கே 10 அல்லது 12 கிலோமீற்றருக்கு மேற் செல்லாது, ஏவுகணைக் குடையின் கீழேயே நிற்குமாறு போர்த்திட்டம் வகுத்திருந்தார். சிரியா தோல்வியை நோக்கிச் செல்கையில், அதன் சுமையைக் குறைக்க விழைந்த சதாத், முன்னேறுமாறு கட்டளையிட்டார். ஷாஸ்லி மறுத்துரைத்தும் பயனில்லை. ஒக்டோபர் 14இல் குடையின் நிழலை விட்டு வெளியேறிய எகிப்தியத் தாங்கிகளில் ஏறக்குறைய 250 ஒரே நாளில் அழிந்தன.

15ஆம் நாளிரவு இசுரேலியப் படை டெவர்சுவார் அருகே கால்வாயைக் கடந்து மேற்குப்புறம் புகுந்தது. வானிலிருந்து அழிக்க இயலாத ஏவுகணை அணிகளை, தரைவழி வந்த தாங்கிகள் தாக்கி அழித்தன; எஞ்சியவை பின்வாங்க நேர்ந்தது. மதிலில் விழுந்த அப்பிளவினூடாக இசுரேலிய வானூர்திகள் மீண்டும் புகுந்தன. போர் ஓய்ந்தபோது எகிப்தின் மூன்றாம் சேனை சூழப்பட்டுக் கிடந்தது. வானை நோக்கி எழுந்த மதில் தரையை நோக்கித் திறந்திருந்தமையே இவ்விடரின் காரணம்.

ஒன்பதாண்டுகளின் பின் சிரியா இப்பாடத்தின் மறுபக்கத்தைக் கற்றது. லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் அது நிறுத்திய ஏவுகணை அணிகள், நகரவல்லனவாயிருந்தும் நெடுநாள் ஓரிடத்திலேயே நின்றன. இசுரேலியர் ஆளில்லா வானூர்திகளை அனுப்பி அவற்றின் ராடர்கள் ஒளிரும் வகையை முன்னரே அறிந்துகொண்டனர். 1982 யூன் 9இல், 19 அணிகளுள் 17 ஒரே நாளில் அழிந்தன. 1973இல் வெற்றியளித்த அதே கூப் ஏவுகணைகள் அங்கேயும் இருந்தன. கருவி மாறவில்லை, அதனை ஆண்ட முறையே மாறியிருந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் அறியப்படுவன சில. ஏவுகணை கொள்ள விழையும் நாடு அதற்கு முன்னர் அதனை ஆளும் தனியொழுங்கை அமைத்தல் வேண்டும். கணைக்குச் செலவிடும் பொருளுக்குக் குறையாது, அதனை இயக்கும் மாந்தரின் கல்விக்கும் செலவிடல் வேண்டும். ஒருவகைக் கணையை நம்பாது, உயரத்துக்கும் தாழ்வுக்கும் ஏற்பப் பலவகைகளை ஒன்றையொன்று காக்குமாறு அடுக்குதல் வேண்டும். ஓரிடத்தில் உறங்காது இடம்பெயர்தல் வேண்டும். பிறநாட்டார் உதவியைக் கொள்ளுங்கால், அவர் நீங்கும் நாளை எண்ணித் தம்மவரைப் பயிற்றுதல் வேண்டும். இவற்றினும் மேலாக, அம்மதில் எவ்வளவு தொலைவு காக்கும் என்பதை அரசியல் தலைவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

படைவல்லுநர் அறிந்திருந்த எல்லையை ஆட்சியாளர் ஏற்க மறுத்த நாளிலேயே எகிப்தின் மதில் உடைந்தது. பஹ்ர் எல் பக்கரின் சிறார்க்குக் கிட்டாத காப்பைப் பின்வந்தோர்க்கு ஈட்டித் தந்தவர்கள், பாலைமணலில் அரண் கட்டி மாண்ட பெயரறியாத் தொழிலாளரும், ராடர்த் திரைமுன் இரவுபகலாய் விழித்திருந்த இளைஞருமாவர். மதிலின் வலிமை அவர்தம் உழைப்பினால் வந்தது. அதன் அழிவோ, அவர்கள் நன்கறிந்திருந்த அளவை மேலிருந்தோர் மறந்தமையால் வந்தது.