எஞ்சிய கல்

அந்தலுஸ் நாட்டு மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீயைப் பற்றிப் பேசும் நம்மவர், அவர் தம் நூலில் வரைந்து காட்டிய ஏறத்தாழ 200 கருவிகளை எண்ணிப் பெருமிதம் கொள்வதோடு நின்றுவிடுகின்றனர். பெருமிதம் தவறன்று. ஆயினும் கல்லடைப்பு நோய் குறித்து அப்பெரியார் விடுத்த ஒரு சிறு எச்சரிக்கை, அப்படங்கள் அனைத்தினும் மேலாக நம் கருத்துக்கு உரியது என்போம்.

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அவர் 1013ஆம் ஆண்டளவில் மறைந்தார். அவர் இயற்றிய 'அத்தஸ்ரீஃப்' 30 பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்தைக் கூறுவது. நீர்ப்பையில் கல் இருப்பதை விரலால் தடவியறிந்து, அதனைக் கீழே நகர்த்தி, அறுத்தெடுக்கும் முறையை அதில் விவரிக்கிறார். கல் ஒன்றுக்கு மேற்பட்டிருப்பின் பெரியதை முதலிலும் சிறியதைப் பின்னரும் எடுக்க வேண்டும். கல் மிகப் பெரிதாயின் அதற்கேற்ப வாயை அகல அறுப்பது அறிவீனம். நோயாளி இறப்பார், அல்லது நீர் ஓயாது ஒழுகும். ஆகவே குறட்டினால் கல்லை நொறுக்கித் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். அத்துண்டுகளில் ஒன்றும் உள்ளே தங்கிவிடலாகாது. தங்கினால் அது வளரும். இதுவே நாம் சொல்லவந்த எச்சரிக்கை.

எஞ்சியதை அறிய அவருக்கு விரலும் கருவி முனையுமன்றி வேறு துணை இல்லை. கல்லை உடைக்கும் எண்ணமும் அவருக்கு முன்பே தோன்றியதுதான். அலெக்சாந்திரியாவின் அம்மோனியஸ் கல்லைப் பிளந்தெடுத்ததை ரோமானியரான செல்சஸ் எழுதியுள்ளார். எல்லாவற்றையும் நாமே முதலில் கண்டோம் என்று முழங்குவது அஸ்ஸஹ்ராவீக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அவரது அறுவை நூல் 12ஆம் நூற்றாண்டில் துலைத்துலா நகரில் கிரெமோனா ஊர் ஜெரார்டால் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பா முழுவதும் பயின்றது. 1824இல் பாரிஸில் சிவியால் என்பார், உடலை அறுக்காமலே நீர்வழியாகக் கருவியைச் செலுத்திக் கல்லைப் பொடித்தார். பெருஞ்சாதனைதான். ஆனால் துணுக்குகள் தாமே நீரோடு வெளியேறும்படி விடப்பட்டன. மீண்டும் மீண்டும் கருவி செலுத்த நேர்ந்தது. 1878இல் பாஸ்டனின் பிகலோ, பொடித்த கையோடு அகன்ற குழாயையும் ரப்பர்க் குமிழையும் கொண்டு நீரைப் பாய்ச்சித் துணுக்குகளை உறிஞ்சியெடுத்தார். எஞ்சிய துணுக்கு குழாய் முனையில் மோதி 'டிக்' என ஒலிக்கும். அவ்வொலி அடங்கும்வரை வேலை முடியவில்லை என்று பொருள். முறத்தில் அரிசி புடைக்கும் நம் தாய்மார்க்கு இச்செவிக் கூர்மை புதிதன்று.

1895இல் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தார். மறு ஆண்டே கிளாஸ்கோ நகரில் சிறுநீரகக் கல் ஒன்று படத்தில் பிடிபட்டது. ஆயினும் யூரிக் அமிலக் கற்கள் எக்ஸ்ரேயில் தென்படுவதில்லை. ஸ்கேன் எனும் ஒலியலைப் படமும் சிறு துணுக்குகளைத் தவறவிடக்கூடும். 1990களில் பரவிய சி.டி. படமே ஏறத்தாழ எல்லா வகைக் கற்களையும் காட்டிக் கொடுத்தது.

இதற்கிடையே முதுகில் சிறு துளையிட்டுச் சிறுநீரகக் கல்லை எடுக்கும் முறை 1976இலும், அதிர்வலையால் உடைக்கும் முறை 1980இல் மியூனிக்கிலும் வந்தன. உடைப்பது எளிதாயிற்று, எஞ்சியதை அறிவதே பெரும்பாடாயிற்று. 4 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துணுக்குகள் தீங்கற்றவை என்றே நெடுநாள் கருதினர். தொடர்ந்து கவனித்தபோது, சிலருக்கு அவை வளர்ந்தும், நீர்க்குழாயை அடைத்தும், மறு சிகிச்சைக்கு இழுத்தன. கிருமித் தொற்றால் விளைந்த கல்லாயின் துணுக்கினுள்ளேயே கிருமியும் குடியிருக்கும். அது மீண்டும் கல்லாவதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை.

நம் இல்லங்களில் வலி நின்றதும் கல் போயிற்று என்று மகிழ்ந்து, மறுபடம் எடுக்கச் சொன்ன நாளை மறந்துவிடுகிறோம். அசையாத துணுக்கு வலிப்பதில்லை. சிகிச்சை முடிந்த உடனே எடுக்கும் படத்தில் தானே வெளியேறக்கூடிய பொடியும் தெரியுமாதலால், சில வாரம் கழித்துப் பார்ப்பதையே மருத்துவர் பலர் விரும்புவர். சி.டி. படத்தில் கதிர்வீச்சு உண்டு. ஆதலின் எவருக்கு எப்படம் என்பதை அவரே தேர்வார். துணுக்கு ஏதும் எஞ்சியுள்ளதா, எந்தப் படத்தில் பார்த்துச் சொல்கிறீர்கள் என அவரிடம் நாம் தயங்காமல் கேட்கலாம். எடுத்த கல்லைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்பதையும் உடன் கேட்டு வரலாம்.