காதலின் மாட்சியிலிருந்து அந்திம காலம் வரை



மலாயாவில் எழுந்த முதல் தமிழ் நாவலாக ஆய்வாளர்கள் பலரும் சுட்டுவது, 1917இல் வெளிவந்த க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. 'அல்லது' இட்டு இரட்டைத் தலைப்புச் சூட்டுவது அக்கால வழக்கம். நான் நின்று நோக்குவது 'மாட்சி' என்னும் சொல்லை. காதல் அன்று போற்றுதற்குரிய பொருளாக நின்றது. எண்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1999இல், அதே மண்ணில் எழுந்த வேறொரு நாவலின் தலைப்பு 'காதலினால் அல்ல'. இவ்விரு தலைப்புகளுக்கும் இடையே நம் வாழ்வில் நிகழ்ந்தது என்ன?

இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதி தோட்டத்திற்கு உரியது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மரம் வெட்டப் போன பிள்ளைக்கு இளமைப் பருவம் என்று தனியே ஒன்று வாய்க்கவில்லை. குழந்தை ஒருநாள் தொழிலாளி ஆயிற்று, அவ்வளவே. முதற்காதலும் அங்கே மறைபொருளாக இருக்க இயலாது. லயத்தின் பலகைச் சுவர் எதை மறைக்கும்? சாவும் தனியொருவனுக்கு உரியதாக வரவில்லை. சயாம்–பர்மா இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதையை 1942–43இல் சப்பானியர் அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் வாந்திபேதியிலும் பட்டினியிலும் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். ஆர். சண்முகம் அதனை 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலாக்கினார். பக்கத்தில் படுத்தவன் காலையில் எழாத இடத்தில், தன் சாவைத் தனியே எண்ணிப் பார்க்க எவருக்கு ஓய்வு இருந்திருக்கும்?

அவ்வோய்வு, கொடிய ஓய்வுதான், பேராசிரியர் ரெ. கார்த்திகேசுவின் மாந்தர்க்கு வாய்த்தது. கெடா மாநிலம் பீடோங்கில் 1940இல் பிறந்து, வானொலியில் பணியாற்றி, பின்னர் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 2016இல் மறைந்தவர் அவர். 'காதலினால் அல்ல' பல்கலைக்கழக மாணவர்களின் கதை. விடுதி, பகடிவதை, நட்பு, காதல் என, தோட்டம் மறுத்த இளமைப் பருவம் அங்கே இடம்பெறுகிறது. 'ஆல்' மூன்றாம் வேற்றுமை உருபு, காரணத்தை உணர்த்துவது. காதலினால் அல்ல என்றால் வேறு எதனால்? தொடர் முடியாமல் நிற்கிறது. ('அன்று' என்றல்லவா இருக்க வேண்டும் என இலக்கணம் வல்லார் வினவலாம். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை.)

அதற்கு முந்திய ஆண்டில் வந்த 'அந்திம காலம்' என் கணிப்பில் இன்னும் வலியது. அந்திமம் என்னும் சொல்லை நாம் முதியோர்க்கே ஒதுக்கி வைத்திருக்கிறோம். சுந்தரம் என்னும் முதியவருக்குப் புற்றுநோய். வாசகர் அதை ஒருவாறு ஏற்றுக்கொள்கிறார். பின்னர்ப் பேரனுக்கும் இரத்தப் புற்றுநோய் என்று தெரியவருகிறது. வளர வேண்டிய பிள்ளையின் மேல் அச்சொல் வந்து விழுகையில், அதன் பொருள் எல்லையே கலைந்துபோகிறது. சாவு இங்கே காட்டில் இல்லை. மருத்துவமனையில், பெயருடைய நோயாக, தேதி குறித்த சிகிச்சையாக வருகிறது.

நம் பேச்சில் 'தவறிட்டாரு' என்போம். எழுத்தில் 'இயற்கை எய்தினார்' என்போம். அவை அடக்கத்தால் எழுந்த வழக்குகள், குறை சொல்லேன். ஆயினும் தாத்தாவையோ உடன்பயின்ற தோழனையோ இழந்து வகுப்பில் வந்தமரும் மாணவனுக்கு நாம் தரும் சொற்கள் அவ்வளவே என்பது என்னை உறுத்துகிறது. நாவலைக் கற்பிக்கும்போதும் கருப்பொருள், கதைப்பின்னல், உத்தி என்று கூறுபோட்டு, 'கருப்பொருள்: நோயும் மன உறுதியும்' என எழுதவைத்து மதிப்பெண் இடுகிறோம். நானும் அவ்வாறு செய்தவனே.

தங்கா பத்து அவையில் இதனைச் சொல்லக் காரணம் உண்டு. இப்பக்கத்துத் தோட்டங்களில் கேதம் விழுந்தால் லயம் முழுவதும் கூடி அழுத காலத்தை இங்குள்ள முதியோர் அறிவர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று வீடமைப்புப் பகுதிகளில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார்கள். கார்த்திகேசு எழுதியது அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் நிகழ்வதை.

தாத்தாவுக்கும் பேரனுக்கும் இறுதியில் என்ன நேர்ந்தது என்பதை நான் சொல்லப்போவதில்லை. மாணவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். ஆசிரியர்கள் அதுவரை குறிப்புத்தாளை எடுக்காதிருக்கட்டும்.