உடைத்துப் பார்க்க ஒரு கணிப்பொறி

2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி. நியூயார்க் பங்குச் சந்தை வழக்கம்போல் காலை ஒன்பதரை மணிக்குத் திறந்தது. நைட் கேபிட்டல் என்ற பங்குத் தரகு நிறுவனம் அன்றைக்குத்தான் தன் கணிப்பொறிகளில் ஒரு புதிய நிரலை ஓட்டத் தொடங்கியிருந்தது. அடுத்த 45 நிமிடங்களில், வாடிக்கையாளர்கள் கொடுத்த வெறும் 212 ஆர்டர்களுக்காக அந்தக் கணிப்பொறிகள் 40 லட்சத்துக்கும் அதிகமான பேரங்களை முடித்துவிட்டன. யாரும் கேட்காத பங்குகளை வாங்கின. யாரும் சொல்லாமலே விற்றன. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

நடந்தது இதுதான். புதிய நிரலை எட்டுக் கணிப்பொறிகளில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றிவிட்டு எட்டாவதை விட்டுவிட்டார்கள். 2003-ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்ட ஒரு பழைய நிரல் பகுதி அந்த எட்டாவதில் அழிக்கப்படாமல் கிடந்தது. புதிய நிரலை எழுப்புவதற்கு வைத்த அடையாளக் குறி, ஒரு காலத்தில் அந்தப் பழைய நிரலை எழுப்பிய குறியேதான்! தூங்கிக் கிடந்தது எழுந்துகொண்டது. கோளாறு புதிய நிரலில் இருப்பதாக எண்ணிய பொறியாளர்கள், பதற்றத்தில் மற்ற ஏழு கணிப்பொறிகளிலிருந்தும் அதை நீக்கினார்கள். அதன்பின் எட்டும் சேர்ந்து பழைய நிரலை ஓட்டத் தொடங்கின.

புதிய மருந்தை நேரே நோயாளிக்குக் கொடுப்பதில்லை. முதலில் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிறோம். புதிய நிரலுக்கு அப்படி ஓர் ஆய்வுக்கூடம் கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அதற்காக இன்னும் எட்டுக் கணிப்பொறிகளை விலை கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. ஒரே கணிப்பொறிக்குள் எட்டுக் கணிப்பொறிகள் இருப்பதுபோல் பாவனை செய்ய முடியும். ஆங்கிலத்தில் வர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள். இப்போது தமிழில் மெய்நிகர் என்ற சொல் வழங்குகிறது. வேலையைப் பெயரிலேயே சொல்லிவிடுவதால், இக்கட்டுரையில் நாம் இதைப் பாவனைக் கணிப்பொறி என்றே அழைப்போம்.

நேற்று முளைத்த புதுமைபோல் தோன்றும் இந்தப் பாவனைக்கு அறுபது வயதாகிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்ரலில் சிஸ்டம் 360 என்ற கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. அறை நிறையும் இயந்திரம், பெரும் வாடகை. இதில் ஒரு சங்கடம் இருந்தது. கணக்குப் போடும் சாதாரண நிரலில் தவறு இருந்தால் அந்தக் கணக்கு மட்டும் கெடும். ஆனால் கணிப்பொறியையே நிர்வகிக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்ற தலைமை நிரலில் தவறு இருந்தால் இயந்திரம் முழுவதும் நின்றுபோகும். ஆகவே புதிய தலைமை நிரல் எழுதுபவருக்கு இயந்திரம் முழுமையும் தனியாக வேண்டும். பகலில் யார் கொடுப்பார்கள்? எல்லோரும் போன பிறகு, நள்ளிரவில்தான் அவர்களுக்கு முறை வரும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் (இங்கிலாந்தில் இருப்பது வேறு) ஐ.பி.எம். ஒரு சிறு விஞ்ஞான நிலையம் வைத்திருந்தது. அங்கே ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ முதலியோர் 1964-இன் இறுதியில் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்த வேண்டும்; தலைமை நிரல்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று அளந்தும் பார்க்க வேண்டும். இவற்றுக்கு அவர்கள் கண்ட வழி துணிச்சலானது. ஆளுக்கு ஒரு பங்கு நேரம் கொடுப்பதற்குப் பதிலாக, ஆளுக்கு ஒரு கணிப்பொறியையே கொடுத்துவிடுவது! 1967 ஜனவரியில் சி.பி.-40 என்ற அந்த ஏற்பாடு அன்றாட வேலைக்கு வந்தது. 256 கிலோபைட் நினைவகம் கொண்ட ஒரே இயந்திரம் 14 கணிப்பொறிகளாகத் தோற்றமளித்தது. ஒவ்வொன்றும் தனக்கு 256 கிலோபைட் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

இந்த மாயம் எப்படி நடக்கிறது? பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு ‘ஸ்டோர்’ வீட்டை எண்ணிப் பாருங்கள். வீடு முழுவதற்கும் மெயின் சுவிட்ச் ஒன்றுதான். அது வீட்டுக்காரரின் அறையில் இருக்கிறது. அவர் ஒவ்வொரு குடித்தனத்திலும் அசல் மெயின் சுவிட்ச் போலவே ஒன்றைப் பொருத்தி வைத்திருக்கிறார். குடித்தனக்காரர் அதை அணைத்தால் விளக்கு அணைவதில்லை. வீட்டுக்காரரின் அறையில் மணி அடிக்கிறது. அவர் எழுந்து அந்தக் குடித்தனத்துக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்துகிறார். வீடு முழுவதையும் இருட்டாக்கிவிட்டதாகக் குடித்தனக்காரர் நினைக்கிறார். பக்கத்துக் குடித்தனத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

கணிப்பொறியிலும் மெயின் சுவிட்ச் போன்ற ஆணைகள் உண்டு. தலைமை நிரல் மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம். வேறு நிரல் தொட்டால் மின்னணுச் சுற்றே வேலையை நிறுத்தி ‘மணி’ அடித்துவிடும். சி.பி. நிரல் வீட்டுக்காரராக உட்கார்ந்து, மணி அடிக்கும்போதெல்லாம் அந்த ஆணையைத் தன் குடித்தனத்துக்கு மட்டும் செய்துகாட்டியது. இனி தலைமை நிரலைப் பட்டப்பகலிலேயே சோதிக்கலாம். கவிழ்ந்தால் ஒரு குடித்தனம்தான் கவிழும்.

சி.பி.-40-க்கு அடுத்து வந்த சி.பி.-67-இல் நடந்த ஒரு சம்பவம் என்னை மிகவும் கவர்ந்தது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐ.பி.எம். சிஸ்டம் 370 குடும்பத்தில் புதிய நினைவக வசதியுள்ள இயந்திரத்தை வடிவமைத்துக்கொண்டிருந்தது. இயந்திரம் இன்னும் உருவாகவில்லை; அதற்குரிய நிரலோ எழுதியாக வேண்டும். இல்லாத இயந்திரத்தில் எப்படிச் சோதிப்பது? கேம்பிரிட்ஜ்காரர்கள் சி.பி.-67-ஐத் திருத்தி, புத்தகத்தில் எழுதியிருந்த 370 போலவே அதை நடிக்க வைத்தார்கள். விஷயம் வெளியே தெரியவும் கூடாது. அதே கணிப்பொறியை அக்கம்பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்களும் பயன்படுத்தி வந்தார்கள். எனவே உண்மை இயந்திரத்தின் மேல் ஒரு சி.பி., அது காட்டும் பாவனைக் கணிப்பொறிக்குள் 370-ஆக நடிக்கும் இன்னொரு சி.பி., அதற்குள் 370-க்கென்று எழுதிய மூன்றாவது சி.பி. என்று பொம்மைக்குள் பொம்மையாக அடுக்கினார்கள். பிறகு முதல் 370 இயந்திரம் தயாராகி அந்த நிரலை ஏற்றியபோது அது ஓட மறுத்தது. இயந்திரம் கட்டியவர்கள் இரண்டு புதிய ஆணைகளின் குறி எண்களை இடம் மாற்றிப் பொருத்தியிருந்தார்களாம். அங்கே பணியாற்றியவர்களின் நினைவுக் குறிப்புகளில் இது வருகிறது. பாவனை சரியாக இருந்தது, அசல் தவறாக இருந்தது! 1972 ஆகஸ்டில் வி.எம்./370 என்ற பெயரில் இது அறிவிக்கப்பட்டது. அதன் வழித்தோன்றல் இன்றும் ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளில் ஓடுகிறது.

பிறகு மேசைக் கணிப்பொறிகள் வந்தன. பாவனைக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. எந்த இயந்திரம் பாவனைக்கு இடம் தரும் என்பதை 1974-லேயே பாப்பெக், கோல்ட்பெர்க் என்ற இருவர் வரையறுத்திருந்தார்கள். சுருங்கச் சொன்னால், ஆபத்தான ஆணை ஒவ்வொன்றும் மணி அடித்தாக வேண்டும். இன்டெல் பென்டியத்தை இந்த அளவுகோலால் ஆராய்ந்து 2000-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, அடிக்க வேண்டிய இடத்தில் மணி அடிக்காத 17 ஆணைகளைப் பட்டியலிட்டது. குடித்தனக்காரர் சுவிட்சை அணைக்கிறார்; விளக்கும் அணையவில்லை, வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. இதற்கு மாற்றுவழி அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பாவனைக் கணிப்பொறியை மீண்டும் கையில் எடுத்த மெண்டல் ரோசன்பிளம் குழுவினரும் டயான் கிரீனும் 1998-இல் வி.எம்.வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஓடப்போகும் ஆணைகளை முன்கூட்டியே படித்து, தொல்லை தரக்கூடியவற்றை வேறு ஆணைகளாக மாற்றி எழுதிவிட்டு ஓட்டினார்கள். 2005, 2006-ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. இரண்டும் சிப்பிலேயே மணியைப் பொருத்திவிட்டன.

இப்போது ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். 16 ஜிகாபைட் நினைவகமுள்ள ஒரு மேசைக் கணிப்பொறியும், இலவசமாகக் கிடைக்கும் வெர்ச்சுவல் பாக்ஸ் போன்ற நிரலும் இருந்தால் நீங்களே ஒன்றை அமைக்கலாம். முதலில் ஒரு பாவனைக் கணிப்பொறியைச் சர்வராக வையுங்கள். அலுவலக ஊழியர் பயன்படுத்துவதுபோல் இரண்டு கணிப்பொறிகளை அதனுடன் இணையுங்கள். இவற்றின் வலைத்தொடர்பு உள்ளுக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே போக வழி வைக்காதீர்கள். சோதனை நிரல் நிஜ வாடிக்கையாளருக்குக் கடிதம் அனுப்பிவிட்டால் பிறகு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்! அடுத்தது ஸ்நாப்ஷாட். கணிப்பொறியின் அந்தக் கண நிலையை நிழற்படம் எடுத்ததுபோல் பத்திரப்படுத்தும் வசதி இது. வட்டு முழுவதையும் நகலெடுப்பதில்லை; அதற்குப் பின் மாறுவதை மட்டும் தனிக் கோப்பில் எழுதுகிறது. புதிய நிரலை ஏற்றுங்கள். பாதி ஏற்றும்போது நிறுத்திப் பாருங்கள். எல்லாம் கெட்டதா? பழைய நிலைக்குத் திரும்பச் சில விநாடிகள் போதும்.

ஆனால் இந்த ஆய்வுக்கூடம் பொய்யும் சொல்லும். அது நிஜ உலகைவிடச் சுத்தமானது. நைட் கேபிட்டல் எட்டுப் பாவனைக் கணிப்பொறிகளை ஒரே அச்சில் வார்த்து, எட்டிலும் புதிய நிரலை ஒழுங்காக ஏற்றிச் சோதித்திருந்தால் எந்தக் குறையும் தெரிந்திருக்காது. தவறு நிரலில் மட்டும் இல்லை. ஏற்றிய விதத்திலும் இருந்தது. ஏழில் புதியதும் ஒன்றில் பழையதுமாக வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஆய்வுக்கூடமே அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். ஆகவே உங்கள் பாவனைக் கணிப்பொறிகளில் ஒன்றையாவது அழுக்காக வையுங்கள். பழைய நிரல்கள் அதில் கிடக்கட்டும், வட்டு நிரம்பி வழியட்டும்.

ஆய்வுக்கூடம் இருந்தால் மட்டும் போதாது, அதன் வழியாகப் போகவும் வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை நிறுத்திவிட்டது. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகள் திண்டாடின. அந்தக் கோப்பை ஒரு சரிபார்க்கும் நிரல் மட்டுமே பார்த்து ‘சரி’ என்றிருந்தது. அந்த நிரலிலேயே பிழை. கோப்பை 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றார்கள். நின்றுபோன கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றை ஆள் போய் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருந்தது. இத்தகைய கோப்புகளை இனிக் கட்டம் கட்டமாகவே வெளியிடுவோம் என்று அந்நிறுவனம் பின்னர் அறிவித்தது.

நீங்கள் அமைக்கும் கூடத்துக்கு ஒரு சின்ன எச்சரிக்கை உண்டு. பழைய நிலைக்குத் திருப்பியதும் அந்தப் பாவனைக் கணிப்பொறியின் கடிகாரத்தைப் பாருங்கள். அதற்கு இன்னும் போன செவ்வாய்க்கிழமைதான். நேரத்தைத் திருத்தாமல் சோதனையைத் தொடங்கினால், கடவுச்சொல் முதல் சான்றிதழ் வரை காரணம் புரியாமல் எல்லாம் மறுக்கப்படும். நீங்களோ குற்றம் புதிய நிரலில்தான் என்று அரை நாள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.