அடித்தும் திருத்தியும்

எங்கள் பொறியியல் கல்லூரி லேபில் ரெக்கார்டு நோட்டு என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் புரோகிராம், எதிர்ப்பக்கம் அவுட்புட், கடைசியில் ‘வெற்றிகரமாக இயங்கியது’ என்று ஒரு வரி. இயங்காமல் கிடந்த இரண்டு மணி நேரத்துக்கு அந்த நோட்டில் இடம் கிடையாது. வேலைக்கு வந்த பிறகும் இதே கதைதான். அடுத்தவர் எழுதிய நிரல் முழுசாக முடிந்த பிறகே என் கண்ணில் படும். தடுமாறுவது நான் ஒருவன்தான் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

கணினியில் வேலை செய்வதை ஊர் பார்க்கச் செய்துகாட்டுவது புதிதல்ல. 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோ மேடையில் உட்கார்ந்து, சுமார் 1000 பேர் முன்னால், மவுஸ் பிடித்து, மளிகைப் பட்டியல் ஒன்றை வகை பிரித்து அடுக்கிக் காட்டினார். கணினி இருந்தது மென்லோ பார்க்கில். ஆனால் அது ஒத்திகை பார்த்த 90 நிமிடம், கச்சேரி மாதிரி. வீட்டுச் சாதகத்தை யாரும் பார்க்கவில்லை.

சாதகம் வெளியே வந்தது இணைய நேரலை மலிவான பிறகு. ஜஸ்டின் டிவியிலிருந்து 2011இல் டிவிட்ச் பிரிந்தது, கேம் விளையாடுவதைக் காட்டுவதற்காக. அதே வருஷம் டிசம்பரில், மைன்கிராஃப்டின் முதல் முழுப் பதிப்பு வந்த அடுத்த மாதம், அதை உருவாக்கிய மார்க்கஸ் பெர்சன் லூடம் டேர் போட்டிக்காக 48 மணி நேரத்தில் ‘மினிகிராஃப்ட்’ எழுதினார், திரையை நேரலையில் காட்டிக்கொண்டே.

ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தவர் கேசி முரடோரி. 2014 நவம்பரில் சியாட்டிலிலிருந்து ‘ஹேண்ட்மேட் ஹீரோ’வைத் தொடங்கினார். கேம் எஞ்சின் இல்லை, வெளி லைப்ரரிகள் இல்லை. வெறும் விண்டோஸ் சன்னலைத் திறப்பதிலிருந்து முழு விளையாட்டு வரை, ஒவ்வொரு வரியும் பார்வையாளர் கண்முன்னால். ஒரு மணி நேரம் நிரல், பிறகு கேள்வி பதில். அவர் கற்றுக்குட்டி இல்லை, ராட் கேம் டூல்ஸில் வேலை பார்த்தவர். அப்படிப்பட்டவர் டீபக்கரில் வரிவரியாக நகர்ந்து, பிழை இங்கேதான் என்று ஊகித்து, அது தப்பாகி, மறுபடி முதலிலிருந்து வருகிறார். சாட்டில் யாரோ பெயர் தெரியாத ஒருவர் விட்டுப்போன எழுத்தைச் சுட்டுகிறார். அட, இவருக்குமா! இரவு ஒரு மணிக்கு நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். பக்கத்து அறையில் விளக்கு எரிந்தது.

600 எபிசோடுகளுக்கு மேல் போயும் விளையாட்டு முடியவில்லை. முன்பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள், கேலி செய்பவர்களும் இருக்கிறார்கள். கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை. விளக்கிக்கொண்டே எழுதுபவரின் வேகம் பாதியாகிவிடும். பார்ப்பதும் ஒரு போதைதான். அவர் எழுதுவதைப் பார்த்துவிட்டு, நானே எழுதியதுபோல் திருப்தியாகத் தூங்கிப்போன இரவுகள் எனக்கு உண்டு.

போன மாதம் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் உதவி கேட்டாள். முன்பெல்லாம் தனியாக உட்கார்ந்து சரிசெய்துவிட்டு, விடையோடு மட்டும் போவேன். இந்த முறை ஸ்கிரீன் ஷேர் போட்டேன். முதல் ஊகம் தப்பு. இரண்டாவதும் தப்பு. முக்கால் மணி நேரம் ஓடியது.

“உங்களுக்கும் இவ்ளோ நேரம் ஆகுமா?” என்றாள்.

“சில நாள் இதுக்கு மேலயும் ஆகும்” என்று சொல்லி அடுத்த பிரேக்பாயிண்டை வைத்தேன்.