‘பதில்’ என்றால் யாருக்குப் பதில்?

‘சந்தேக நபர் பதில் நீதவான் முன்னிலையில் ஆஜர்படுத்தப்பட்டார்.’ இலங்கைத் தமிழ் நாளேடுகளில் அடிக்கடி காணும் வரி இது. தமிழ்நாட்டு வாசகர் இந்த இடத்தில் சற்றுத் தடுமாறுவார். பதில் என்றால் விடை அல்லவா? நீதவானுக்கும் விடைக்கும் என்ன உறவு? இலங்கையில் எவரும் தடுமாறுவதில்லை. நீதவான் விடுப்பில் போனால் மூத்த சட்டத்தரணி ஒருவர் அந்த ஆசனத்தில் அமர்வார். அவர் பதில் நீதவான். அமைச்சர் வெளிநாடு போனால் பதில் அமைச்சர். பாடசாலையில் பதில் அதிபர். தமிழ்நாடு இதே நிலையைப் பதவிப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு ‘பொறுப்பு’ என்று எழுதுகிறது.

பதில் நம் வீட்டுச் சொல்போல ஆகிவிட்டது. ஆனால் வந்தது அரபியிலிருந்து. அங்கே ‘பதல்’ என்பது மாற்று, ஒன்றின் இடத்தில் வைக்கும் மற்றொன்று. பாரசீகமும் இந்துஸ்தானியும் அதை எடுத்துக்கொண்டன. தெலுங்கில் ‘பதுலு’, கன்னடத்தில் ‘பதலு’, மலையாளத்தில் ‘பதல்’ என்று தென்னாட்டு மொழிகள் எல்லாவற்றிலும் அது குடியேறியிருக்கிறது. கேட்ட சொல்லுக்கு ஈடாகத் திரும்ப வரும் சொல் என்ற வழியில்தான் ‘விடை’ என்ற பொருள் கிளைத்திருக்க வேண்டும். மூலப்பொருள் இன்னும் சாகவில்லை. ‘அவருக்குப் பதிலாக இவர்’ என்கிறோம். ‘பதிலுக்குப் பதில்’ என்று கணக்குத் தீர்க்கிறோம்.

இந்தச் சொல்லின் இன்னொரு கிளை ஆலைகளுக்குள் போனது. வராத தொழிலாளியின் இடத்தில் அன்றைக்கு மட்டும் தறியில் நிற்பவர் பதிலித் தொழிலாளி. இந்தியாவின் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் ‘பத்லி’ என்ற சொல்லையே எடுத்து ஆண்டு, அதற்கு இலக்கணமும் வகுத்தது: ஆலையின் வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள மற்றொரு தொழிலாளியின் இடத்தில் வேலை செய்பவர். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்துவிட்டால், தற்காலிகமாக வேலை தரப்படாத காலத்துக்கான (‘லே-ஆஃப்’) இழப்பீட்டைப் பொறுத்தவரை அவரைப் பத்லி என்று ஒதுக்க முடியாது என்றும் சொன்னது. பதிவேட்டில் ஒரு பெயர் இருக்க வேண்டும். காலத்துக்கு ஓர் எல்லையும் வேண்டும். பதில் என்ற சொல்லுக்குள் இருந்த இரண்டு நிபந்தனைகளையும் அந்தச் சட்டம் சரியாகப் பிடித்தது.

ஆங்கிலத்தின் ‘ஆக்டிங்’ செயலைத்தான் சொல்கிறது. சிங்களத்தின் ‘வெட பலன’ வேலையைப் பார்ப்பவர் என்கிறது. இரண்டிலும் உரியவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை. தமிழ் ‘பதில்’ அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடாது.

இலங்கை அரசியலமைப்பும் கேட்கிறது: யாருடைய அங்கீகாரத்தோடு, எத்தனை நாளுக்கு? பிரதம நீதியரசர், சட்டமா அதிபர், பொலிஸ் மா அதிபர் போன்ற உயர் பதவிகளுக்கு ஜனாதிபதி தாமாக ஆள் போட முடியாது. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். சபாநாயகர் தலைமையில் பத்துப் பேர் கொண்டது பேரவை. ஏழு பேர் பாராளுமன்ற உறுப்பினர்கள், மூவர் வெளியார். 14 நாளுக்கு மேற்பட்ட பதில் நியமனத்துக்கும் இதே அங்கீகாரம் தேவை. 14 நாள் வரம்பு இல்லாவிட்டால் நிரந்தர நியமனத்துக்கான கட்டுப்பாட்டைப் பதில் நியமனம் என்ற பெயரால் எளிதாகத் தாண்டிவிடலாம். 2001இல் 17ஆவது திருத்தம் உண்டாக்கிய பேரவையை 2010இல் 18ஆவது திருத்தம் எடுத்தது. 2015இல் 19ஆவது மீட்டது. 2020இல் 20ஆவது மறுபடி எடுத்தது. 2022இல் 21ஆவது மறுபடி மீட்டது. ஜனாதிபதிகளுக்கு இந்தப் பேரவை எவ்வளவு இடைஞ்சலாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி பொலிஸ் மா அதிபர் பதவிக்கு வருவோம். அப்பதவியில் இருந்த சி. டி. விக்கிரமரத்ன 2023 மார்ச்சில் ஓய்வு வயதை எட்டினார். நீடிப்புக்கு மேல் நீடிப்பாக நவம்பர் வரை ஓடியது. 29.11.2023 அன்று சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோனைப் பதில் பொலிஸ் மா அதிபராக ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க நியமித்தார். அன்று அந்த நாற்காலிக்கு உரியவர் என்று எவரும் இல்லை. ஆலைக் கணக்கில் சொன்னால் பதிவேட்டில் பெயர் இல்லை. இரண்டே வாரத்தில், டிசம்பர் 14இல், சித்திரவதை வழக்கொன்றில் தென்னகோன் அடிப்படை உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் 2024 பெப்ரவரியில் அவரே நிரந்தரமாக்கப்பட்டார். பேரவையில் ஆதரவு நான்கு, எதிர்ப்பு இரண்டு, இருவர் வாக்களிக்கவில்லை. தேவை ஐந்து. வாக்களிக்காத இருவரையும் எதிர்ப்பாக எண்ணி, நான்குக்கு நான்கு என்று ஆக்கி, அறுதியிடும் வாக்கைச் சபாநாயகர் தாமே போட்டார். வாக்களிக்காமல் இருந்தவரை எதிர்த்தவராக எண்ண எந்த விதி இடம் தந்தது?

2024 ஜூலை 24இல் உயர் நீதிமன்றம் தென்னகோன் கடமையாற்ற இடைக்காலத் தடை விதித்தது. உண்மையிலேயே ஒரு ‘பதில்’ தேவைப்பட்டது அப்போதுதான்: உரியவர் இருக்கிறார், கடமை செய்ய முடியாது. ஆனால் பதவி வெற்றிடமாகவில்லை என்று சொல்லி அரசு எவரையும் நியமிக்கவில்லை. செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் பொலிஸ் மா அதிபர் இல்லாமலே நடந்தது. ஆளே இல்லாத நாற்காலிக்குப் பதில் போட்டவர்கள், ஆள் இருந்த நாற்காலிக்குப் பதில் போட மறுத்தார்கள். செப்டெம்பர் 27இல் புதிய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, பிரியந்த வீரசூரியவைப் பதில் பொலிஸ் மா அதிபராக்கினார். 2025 ஓகஸ்ட் 5இல் பாராளுமன்றம் 177 வாக்குகளால் தென்னகோனை நீக்கியது. அதே மாதம் வீரசூரிய நிரந்தரமானார். பதினொரு மாதத்தை நெருங்கிய பதில் காலம் நீண்டதுதான். ஆனாலும் சொல்லுக்கு உரிய பொருளில் அவரே பதில்.

கால எல்லையும் உறுதிப்படுத்தலும் ஒழுங்காக நடந்த நிகழ்வும் உண்டு. 2022 ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச விலகியபோது பிரதமர் ரணில் பதில் ஜனாதிபதியாகச் சத்தியப்பிரமாணம் செய்தார். ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் புதியவரைத் தெரிய வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஜூலை 20இலேயே வாக்கெடுப்பு நடந்தது, 134 வாக்குகளால் அவர் தெரிவானார். அந்த ஏற்பாட்டின் அரசியல் எனக்கு உவப்பில்லை. சட்டம் மீறப்படவில்லை என்பதை மறுக்க முடியாது.

தமிழ்நாட்டின் ‘பொறுப்பு’ம் இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. மாநிலக் காவல்துறைத் தலைமைக்குப் பொறுப்பு நியமனம் செய்யக்கூடாது என்று இந்திய உச்சநீதிமன்றம் 2018 ஜூலையில் உத்தரவிட்டது. 2025 ஆகஸ்ட் இறுதியில் தமிழ்நாட்டில் பொறுப்பு டி.ஜி.பி.தான் பதவியேற்றார்.

செய்தி எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘பதில்’ என்றோ ‘பொறுப்பு’ என்றோ எழுதும்போது, யாருடைய இடத்தில், எந்தத் திகதியிலிருந்து, யாருடைய அங்கீகாரத்தோடு என்பதையும் அதே செய்தியில் எழுதுங்கள். 14 நாள் கழிந்ததும் அந்தப் பதவியைப் பற்றி இன்னொரு செய்தி போடுங்கள்.