டிங்கி ஒழிப்பு: வேலை பெண்களுக்கு, தலைமை யாருக்கு?

ஆயர் தாவார் – மழை பெய்து ஓய்ந்ததும் பூச்சட்டித் தட்டைக் கவிழ்ப்பது, குளியலறைத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது, கொல்லையில் கிடக்கும் சிரட்டைகளைப் பொறுக்குவது எல்லாம் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள்தான். ஆனால், குடியிருப்பில் எங்கே சோதனை, யாருக்கு எந்தப் பொறுப்பு என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்களை அவ்வளவாகப் பார்க்க முடிவதில்லை. இந்த இடைவெளி நோய்த் தடுப்பையே பலவீனமாக்குகிறது.

கொசு நோய்கள் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் பந்தாய் ரெமிஸ் அருகே பாகான் பஞ்சோர் மீனவக் கிராமத்தில் 200க்கும் மேற்பட்டோர் சிக்குன்குன்யா காய்ச்சலில் விழுந்தார்கள். 2019இல் நாடு முழுவதும் 130,101 டிங்கி சம்பவங்கள் பதிவாகின. 182 பேர் இறந்தனர்.

எந்தக் கொசு? எங்கே வளர்கிறது?

டிங்கியையும் சிக்குன்குன்யாவையும் பரப்புபவை இரண்டு வகை ஏடிஸ் கொசுக்கள். ஏடிஸ் எஜிப்தி வீட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் விரும்பும். ஏடிஸ் அல்போபிக்டஸ் வெளியே மரஞ்செடிகள் உள்ள இடத்தில் பெருகும். கவனிப்பாரற்ற பால் மங்கு, பழைய டயர், வெட்டிய மூங்கில் கட்டை எல்லாம் அதற்கு வீடு.

முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். முட்டை காய்ந்த நிலையில் பல மாதம் உயிரோடு இருக்கும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்க்கவும் வேண்டும். வாரம் ஒருமுறை 10 நிமிடம் செலவழித்தாலே கொசுவின் வளர்ச்சி அறுபடும். புகை மருந்து பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை அது தொடாது. கொட்ட முடியாத தண்ணீரில் 10 லிட்டருக்கு 1 கிராம் அபேட் மருந்து போடலாம்.

முன்னே நடந்த பெண்கள்

மலேசியாவில் கொசு ஆராய்ச்சியின் முன்வரிசையில் பெண்கள் இருக்கிறார்கள். பேராசிரியர் இந்திரா வைத்திலிங்கம் மருத்துவ ஆய்வுக் கழகத்திலும் பின்னர் மலாயா பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியவர். குரங்கிலிருந்து மனிதருக்கு வரும் நோல்சி மலேரியாவைப் பகாங், கோலா லிப்பிஸ் வட்டாரத்தில் எந்தக் கொசு பரப்புகிறது என்பதைக் கண்டறிந்த குழு அவருடையது. டிங்கியிலும் அவருடைய குழு, நோயாளி வரும்வரை காத்திராமல், ஒட்டும் பொறியில் சிக்கிய கொசுவையே சோதித்துக் கிருமியைக் கண்டறியும் முறையை முன்வைத்தது.

மருத்துவ ஆய்வுக் கழகத்தின் டாக்டர் நஸ்னி வாசி அகமது, வோல்பாக்கியா நுண்ணுயிர் ஏற்றிய கொசுக்களை விடும் திட்டத்தை முன்னின்று நடத்தினார். அவை விடப்பட்ட இடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் ஆய்வு முடிவு வெளியானது.

ஆய்வுக்கூடத்தில் பெண்கள் வழிநடத்தலாம் என்றால், தாமானில் ஏன் முடியாது?

கோம்பி குழுவில் இடம்

குடியிருப்பாளர்களே கொசு ஒழிப்பை நடத்தும் கோம்பி திட்டத்தைச் சுகாதார அமைச்சு 2001இல் ஜொகூர் பாருவில் தொடங்கியது. குழுவினருக்கு மாவட்டச் சுகாதார அலுவலகம் வழிகாட்டும். பெண்கள் அதில் தலைமை ஏற்க வேண்டுமானால் வெறும் அழைப்பு போதாது.

• தலைவர், செயலாளர் பொறுப்பிலேயே பெண்களை நியமியுங்கள். தேநீர் போடவும் வருகைப் பதிவு எழுதவும் மட்டும் கூப்பிடாதீர்கள்.
• ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வையுங்கள். பிள்ளைகளையும் அழைத்து வர விடுங்கள்.
• புழுவை அடையாளம் காணும் பயிற்சியைத் தமிழிலும் கேளுங்கள். டார்ச் லைட், அபேட், பதிவுப் புத்தகம் குழுவின் கையில் இருக்கட்டும்.
• வீடு வீடாகச் செல்லும்போது இருவராகச் செல்லுங்கள்.
• பூட்டிய வீடு, கைவிட்ட கட்டுமான இடம் பற்றிப் புகார் செய்யும் அதிகாரம் குழுத் தலைவிக்கு இருக்க வேண்டும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, கொசு வளர இடம் கொடுத்தவருக்கு 500 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். வழக்கு நீதிமன்றம் சென்றால் தண்டனை இன்னும் கடுமை.

தலைமை கொடுக்கிறோம் என்று மொத்த வேலையையும் பெண்கள் தலையில் கட்டிவிடக் கூடாது. கூரைத் தாளவாரத்தைச் சுத்தம் செய்வதும் டயர்களை அகற்றுவதும் வீட்டு ஆண்களின், இளைஞர்களின் பங்கு.

தன் காய்ச்சலையும் கவனியுங்கள்

வீட்டில் எல்லாருக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, தன் காய்ச்சலைப் பனடோலோடு முடித்துக்கொள்ளும் அம்மாக்கள் நம்மில் அதிகம். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் அது வரும். கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம். அவை ரத்தக் கசிவைக் கூட்டும்.

உங்கள் குடியிருப்பில் கோம்பி குழு இல்லை என்றால் மஞ்சோங் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்டுத் தொடங்கலாம். இருந்தால், அடுத்த கூட்டத்தில் யார் தலைவர் என்ற கேள்வியை எழுப்புங்கள்.